முந்நூறு பேருக்கு ஒரே படம் போதுமா?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். போன மாதம் கல்யாணம், ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள், மறுநாளே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு நன்றிப் படம் போட்டாகிவிட்டது. அம்மா விடவில்லை, கைப்பட நாலு வரி எழுதி அனுப்பினால்தான் மரியாதை என்கிறார். இந்தக் காலத்தில் இதெல்லாம் தேவையா, எழுதுவதென்றால் என்னத்தை எழுதுவது, தமிழில் பேனா பிடித்தே பத்து வருடம் ஆகிறதே என்பது கேள்வி. கூடவே ஒரு கொசுறு: ஒரு மொய் உறையில் 201 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மேலே பேனாவால் "பல்லாண்டு வாழ்க" என்று மட்டும் எழுதியிருக்கிறது, பெயர் இல்லை, யார் வைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதிக் கடிதம், கம்பெனிகளுக்குத் தீபாவளி வாழ்த்து என்று எல்லாவற்றையும் ப்ரூஃப் பார்த்து, மடித்து, நூறு நூறாகக் கட்டிக் கொடுத்த கை இது. அட்டை விற்றவன் அட்டை வாங்கத்தானே சொல்வான் என்று நினைக்காதீர்கள், ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது, யார் வாங்கினாலும் எனக்கு ஒரு காசு வராது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 300 பேருக்கும் எழுத வேண்டாம். இருபது பேருக்கு எழுதுங்கள். எந்த இருபது பேர், அவர்களுக்கு என்ன வரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அட்டை என்றால் அந்தக் காலத்து அன்பு, வாட்ஸ்அப் படம் என்றால் இந்தக் காலத்துச் சோம்பல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. வாழ்த்து அட்டை பிறந்ததே வேலை மிச்சம் பிடிக்கத்தான். இங்கிலாந்தில் 1840இல் ஒரே ஒரு பென்னிக்கு நாட்டில் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்று ஆக்கினார்கள், உடனே ஆளாளுக்கு எழுதித் தள்ள ஆரம்பித்தார்கள். அந்தத் தபால் திட்டத்துக்கு உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோலுக்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து குவிகிற கடிதங்களுக்குப் பதில் போட நேரமில்லை. 1843இல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து வாங்கி, ஏறக்குறைய 1000 அட்டை அடித்து, தனக்குத் தேவையானது போக மீதியை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். வந்த கடிதம் அத்தனைக்கும் ஒரே படத்தைக் காட்டித் தப்பித்தார் மனிதர், நீங்கள் செய்ததும் அதேதான். அதனால் குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம்.

நம் பக்கத்துப் பொங்கல் வாழ்த்தும் அப்படித்தான். சிவகாசியில் அடித்து வரும், ஒரு பக்கம் கரும்பும் பானையும் மாடும், இல்லாவிட்டால் முருகன், இல்லாவிட்டால் எம்ஜிஆர். வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் வேலை. இங்கே எங்கள் கடைக்குத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே கம்பெனி ஆர்டர் வரும், ஐந்நூறு அட்டை, உள்ளே வாசகம், கீழே முதலாளியின் கையெழுத்தையும் சேர்த்தே நீல நிறத்தில் அச்சடித்துவிடுவோம், பேனாவால் போட்டது போலவே தெரியும். அதை யாராவது பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். "இதே மாதிரி அடித்துக் கொடுங்கள்" என்று பழைய அட்டையைச் சாம்பிளுக்குக் கொண்டுவருவார்கள் பாருங்கள், பத்து வருடம், பதினைந்து வருடம் அலமாரியில் கிடந்தது. அவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் இடது பக்கத்து வெற்றிடத்தில் யாரோ பேனாவால் ஏதாவது கிறுக்கியிருப்பார்கள். "சின்னவனுக்கு இப்போது காய்ச்சல் எப்படி?" "போன வருடம் நீ செய்த அதிரசம் மாதிரி இங்கே கிடைக்கவில்லை." டிசைன் நன்றாக இருந்ததால் வைத்திருக்கவில்லை, அந்த ஒரு வரிக்காக வைத்திருந்தார்கள். டிசைன் பிழைத்தது அந்த வரியின் புண்ணியத்தில்.

ஃபார்வர்டு செய்வதுகூட நமக்குப் புதிதில்லை, சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் போகிற வழியில் மாதவியின் ஓலை வருகிறது, கௌசிகன் கொண்டுவந்து கொடுக்கிறான். ஓலையைப் பிரிக்கும் முன்பே கோவலன் தடுமாறிவிடுகிறான், ஏனென்றால் ஓலை மேலிருந்த மண் முத்திரையை அவள் தன் கூந்தலால் ஒற்றியிருந்தாள், கூடியிருந்த காலத்தில் அவள் தலையில் தேய்த்த எண்ணெயின் வாசம் அதில் இருந்தது. படித்துப் பார்த்து, அவள்மேல் குற்றமில்லை, தன்மேல்தான் என்று தெளிகிறான். அப்புறம் என்ன செய்கிறான் தெரியுமா? இந்த வாசகம் நான் என் பெற்றோருக்கு எழுதினாலும் பொருந்தும் என்று சொல்லி, அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான்! எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பும் வரும், மாதவியை நினைத்து வருத்தமும் வரும். வாசகத்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடலாம், வாசத்தைத் தள்ளிவிட முடியுமா?

நான் சொல்ல வருவதும் அதுதான். காகிதமா கண்ணாடித் திரையா என்பது இரண்டாவது பிரச்சினை. நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து அடுத்தவருக்கு அனுப்பினால் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் அது சுற்றறிக்கை. பொருந்தாவிட்டால் கடிதம். கையால் எழுதுவதில் என்ன வசதி என்றால், இருபது தடவை ஒரே வாக்கியத்தை எழுதினால் கை வலிக்கும், அலுப்புத் தட்டும், அந்த அலுப்பிலேயே மூன்றாவது அட்டையில் வேறு ஏதாவது சொல்லத் தோன்றும். போனில் அந்த அலுப்பு வர வழியே இல்லை, ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுகிறது.

இதை ஆராய்ச்சியாகவும் பார்த்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு பேர் 2018இல் வெளியிட்டது. தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களை முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள், அப்புறம் பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள், அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று இருந்ததைவிட அதிகமாகப் பயந்திருந்தார்கள், அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதைக் குறைவாகவே எடைபோட்டிருந்தார்கள். வாக்கியம் சரியாக வருமா, அசடு வழியுமா என்கிற கவலையெல்லாம் எழுதுகிறவருக்குத்தான், வாங்குகிறவர் அதையா பார்க்கிறார்! நீங்கள் "என்னத்தை எழுதுவது" என்று கேட்பதும் அந்தக் கவலைதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆய்வில் கடிதங்கள் போனது மின்னஞ்சலில், பேனாவில் இல்லை. ஆகவே அம்மா சொல்வது முக்கால்வாசி சரி, காகிதம்தான் மரியாதை என்ற கால்வாசி மட்டும் கொஞ்சம் இழுபறி.

காகிதத்துக்கென்று ஒரு வேலை உண்டு என்று எனக்குப் புரிந்தது என் அம்மா தவறியபோது. போனில் நூறு செய்திக்கு மேல் வந்தது, பாதி "ஆழ்ந்த இரங்கல்", பாதி கும்பிடு பொம்மை. நான் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் அதுவும் ஒரு துணைதான், ஆனால் போனை மாற்றியபோது எல்லாம் போய்விட்டது. ஒரே ஓர் அட்டை மட்டும் இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அதே மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனது, கடையில் வாங்கிய சாதாரண வெள்ளை அட்டை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உங்கள் அம்மா தீபாவளிக்கு முறுக்கு கொடுத்த டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். என்ன வைத்துக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டேன்." அவ்வளவுதான். இரங்கல் என்ற வார்த்தையே அதில் இல்லை. அடுத்த சீனப் புத்தாண்டுக்கு அந்த டப்பா அன்னாசி டார்ட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தது, என் மனைவி அதில் மறுபடி முறுக்கு போட்டு அனுப்பினாள், இப்போது யாருடைய டப்பா என்றே குழப்பம்.

இந்த வெறும் பாத்திரம் சமாச்சாரத்தை யாரும் புத்தகம் போட்டுச் சொல்லித் தரவில்லை. நம் வீடுகளில் இந்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன, காரணம் சொல்லாமலேயே பழகிவிட்டவை. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கருமாதிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டில் வைக்கக்கூடாது. கல்யாணப் பத்திரிகை என்றால் மூலையில் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். "தபாலில் அனுப்பினான், நேரில் வரவில்லை" என்று கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே போகாத பெரியப்பாக்களை எனக்குத் தெரியும். இன்றைக்கு அதே பெரியப்பாக்கள் வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தால் "பரவாயில்லை, இதையாவது அனுப்பினானே" என்கிறார்கள். காலம் இறங்கிவந்துவிட்டதா, அவர்கள் இறங்கிவந்தார்களா தெரியவில்லை.

சிங்கப்பூரில் மரியாதையை அரசாங்கமே இயக்கமாக நடத்திப் பார்த்தது. 1979இல் கர்ட்டசி கேம்பெய்ன் தொடங்கியது, 1982இல் சிங்கா என்ற சிங்கக்குட்டி வந்தது, பள்ளிக்கூடச் சுவர், பேருந்து நிறுத்தம் என்று போகிற இடமெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்கும். 2013இல் அந்தச் சிங்காவே, கோபமும் சிடுசிடுப்புமாக இருக்கிற கூட்டத்தோடு மாரடித்துக் களைத்துவிட்டேன் என்று சொல்லி வேலையை ராஜினாமா செய்தது, அதையும் ஒரு கடிதம் எழுதித்தான் செய்தது. விளம்பர உத்திதான், இருந்தாலும் எனக்குப் பிடித்தது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் இப்போதெல்லாம் குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்கள், கடிதம் எழுதிவிட்டுப் போன ஒரே ஆள் அந்தச் சிங்கம்.

இன்னொன்று. அட்டை எழுதாதது ஒரு குறையே இல்லை, அழைப்புக்கு வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லாமல் இருக்கிறார்களே, அதுதான் பெரிய மரியாதைக் குறைவு. ஒரு மேசைக்கு இவ்வளவு என்று ஹோட்டலில் கணக்குப் பேசிவிட்டு, நீல டிக் விழுந்தும் பதில் வராத நாற்பது பேரை வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பா படுகிற பாட்டை உங்கள் கல்யாணத்திலேயே பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த பிறகாவது அடுத்தவர் அழைப்புக்கு அன்றைக்கே பதில் போட்டுவிடுங்கள். இதற்குப் பேனா தேவையில்லை, போன் போதும்.

இப்போது அந்த இருபது பேர். பெரிய தொகை வைத்தவர்களின் பட்டியலை எடுக்காதீர்கள், அப்படி எழுதினால் அது ரசீது. மொய் நோட்டை மூடி வைத்துவிட்டு நீங்களும் மனைவியும் உட்கார்ந்து அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று பேசிப் பாருங்கள். பந்தியில் ஆள் போதாதபோது சாம்பார் வாளியைத் தூக்கியவர், இரவு பாட்டியைக் காரில் உட்லண்ட்ஸில் கொண்டுபோய் விட்டவர், முழங்கால் வலியோடு மண்டப வாசலில் மூன்று மணி நேரம் சந்தனக் கிண்ணம் பிடித்து நின்ற அத்தை, ஊரிலிருந்து டிக்கெட் போட்டு வந்தவர்கள், வர முடியாமல் போனவர்களில் உங்களுக்கு மனம் உறுத்துகிற ஒன்றிரண்டு பேர். இருபதுகூட வராது பாருங்கள்.

எழுத வேண்டியது மூன்று நான்கு வரிதான். "தங்கள் வருகைக்கும் வாழ்த்துக்கும் அன்பளிப்புக்கும் நெஞ்சார்ந்த நன்றி" என்று ஆரம்பிக்காதீர்கள், அதை நானே ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கிறேன், அதற்கு இப்போது உயிர் இல்லை. நேராகப் பார்த்ததைச் சொல்லுங்கள்: "அன்புள்ள அத்தை, தாலி கட்டி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் நீங்கள் இன்னும் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பது தெரிந்தது. உட்காரச் சொல்ல ஆள் அனுப்பினேன், நீங்கள் உட்காரவில்லையாம். கால் இப்போது எப்படி இருக்கிறது? அடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், சமைக்க வேண்டாம், வாங்கிக்கொண்டு வருகிறோம்." இதை வேறு எந்த அத்தைக்கும் அனுப்ப முடியாது. பணம் வைத்தவருக்கு எழுதினால் தொகையைச் சொல்லாதீர்கள், அது என்னவாயிற்று என்று சொல்லுங்கள், "நீங்கள் கொடுத்ததில் ரைஸ் குக்கர் வாங்கினோம், முதல் நாளே சோறு குழைந்துவிட்டது" என்பது போல.

தமிழ் எழுத வராது என்று தயங்காதீர்கள். ண, ன தகராறு எல்லாருக்கும் உண்டு. எங்கள் கடையிலேயே ஒருமுறை "திருமண" என்பது "திருமன" என்று 400 பத்திரிகையில் அச்சாகிவிட்டது, ப்ரூஃப் பார்த்தது சாட்சாத் நான்தான், பெண்ணின் பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக் கண்டுபிடித்தார், முதலாளி மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அச்சில்தான் அது குற்றம், கையெழுத்தில் பிழை இருந்தால் பையன் தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று தெரியும். முழுசாகத் தமிழில் முடியாவிட்டால் விளிப்பும் கையொப்பமும் தமிழில், நடுவில் எது வருகிறதோ அது. ஏஐயிடம் கேட்டு எழுதி வாங்கி அதைப் பார்த்து எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுத்துப் பிழை திருத்தக் கேளுங்கள், அத்தையின் முழங்காலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

சில்லறை விஷயங்கள்: வழவழப்பான ஆர்ட் கார்டு வாங்காதீர்கள், ஜெல் பேனா மை அதில் காயாமல் இழுபடும், கொஞ்சம் சொரசொரப்பான அட்டையில் சாதாரண பால்பாயிண்ட் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எழுத உட்காராதீர்கள், இரவில் மூன்று என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முகவரியைப் போன் போட்டுக் கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும், பத்திரிகை கொடுக்கப் போன பட்டியல் அம்மாவிடம் இருக்கும், அதில் பாருங்கள். 1995இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒவ்வொரு புளோக்குக்கும் தனித்தனி என்பதால் அதைச் சரியாக எழுதுங்கள், வீட்டு எண்ணையும் மறக்காதீர்கள். தபால்தலை 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசு ஆனது, அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது, உறை பெரிதாக, தடிப்பாக இருந்தால் இன்னும் கூடும். போகிற போக்கைப் பார்த்தால் எத்தனை நாளைக்கு இந்த வசதி என்று சொல்ல முடியாது, டென்மார்க்கில் 400 வருடம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த தபால் நிறுவனம் 2025 முடிவோடு அந்த வேலையையே நிறுத்திவிட்டது.

அட்டை வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். கண் தெரியாத பாட்டிக்கு அட்டை அனுப்பினால் யாராவது படித்துக் காட்டும்வரை அது வெறும் காகிதம்தான். அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார், வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். எட்டிப் போகிற தூரம் என்றால் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்தப் பெயரில்லாத உறை. மொய் நோட்டில் விட்டுப்போனவர்களைக் கழித்துப் பார்ப்பது, குரூப்பில் "யார் வைத்தது" என்று கேட்பது எல்லாம் வேண்டாம், வைக்காதவர்களுக்குத்தான் சங்கடம். உறையை அம்மாவிடம் கொடுங்கள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் பெரியம்மாவிடம் கொண்டுபோங்கள். அவர்கள் வயதுக்காரர்கள் வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி வளர்ந்தவர்கள். அந்த "வாழ்க"வில் "ழ" எப்படிச் சுழித்து இறங்குகிறது என்று பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள்.